ரூக்சோ மாத்திரை, லைட் மெஷின், பெலுமோ: டோனார் தம்பி எழுதற ரிவ்யூ

வழக்கமா ஹெட்ஃபோன், பவர் பேங்க் மாதிரி ஐட்டத்துக்கு தான் ரிவ்யூ போடுவேன், இந்த தடவ மருந்துக்கு, எலும்பு மஜ்ஜை டிரான்ஸ்பிளான்டுக்கு அப்புறம் டோனார் செல்லே ஒடம்ப தாக்கற ஜிவிஹெச்டிங்கற சிக்கலுக்கு குடுக்கறது. காரணம் இருக்கு. எங்களுக்கு தேவைப்பட்டப்போ தேடி தேடி பாத்தோம், கெடச்சதுல பாதி கம்பெனி நோட்டீஸ், மீதி படிச்சா அன்னிக்கு ராத்திரி தூக்கம் போயிடும். மாத்திரைய ஆரம்பிச்சா எத்தன நாள்ல என்ன தெரியும், எங்க இடறும், எத அளந்து வெச்சுக்கணும்னு பக்கத்து பெட்டுக்காரர் சொல்ற மாதிரி சொல்ல ஒரு ஆள் இல்ல. நான் டாக்டர் கெடயாது, இத படிச்சுட்டு டோஸ் எதையும் நீங்களா மாத்தாதீங்க. கேக்க வேண்டிய கேள்விகளுக்காக மட்டும் படிங்க.

அக்காவுக்கு ஏஎம்எல், லுகீமியான்னு சொல்ற ரத்த புற்றுநோய்ல ஒரு வகை. கீமோ முடிஞ்சு டிரான்ஸ்பிளான்ட். எச்எல்ஏன்னு பொருத்தம் பாக்கற டெஸ்ட்ல நான் முழுசா மேட்ச், அதனால டோனார் நான் தான். அஞ்சு நாள் ஊசி போட்டு, இடுப்பு எலும்பெல்லாம் விண்ணு விண்ணுன்னு வலிக்க, மெஷின்ல உக்காந்து ஸ்டெம் செல் எடுத்து குடுத்தேன். செல் ஏத்தின பதினேழாவது நாள் ரத்த கவுண்ட் ஏற ஆரம்பிச்சுது, வீட்ல எல்லாரும் என்ன சாமி மாதிரி பாத்தாங்க. முப்பத்திரண்டாவது நாள் அக்காவோட உள்ளங்கையும் காது மடலும் செவந்துச்சு. வெயில் பட்ட மாதிரி இருக்குன்னு அவளே சொன்னா, ஆனா ரூம விட்டு வெளியவே போகாதவ. ரெண்டு நாள் கழிச்சு மோஷன் தண்ணியா போக ஆரம்பிச்சுது.

அது தான் ஜிவிஹெச்டி. ஒட்டு செல் ஒடம்ப தாக்கறது. பச்சையா சொன்னா என் செல்லு என் அக்காவ கடிக்குது. சாமி பட்டம் மூணு வாரம் கூட நிக்கல.

அப்போ அந்த டி செல்ல, இப்படி தாக்கற எதிர்ப்பு சக்தி வெள்ளணுவ, மொத்தமா கொன்னுட வேண்டியது தானேன்னு நானும் கேட்டேன். அங்க தான் சிக்கலே. மிச்சம் மீதி ஒளிஞ்சிருக்கற லுகீமியாவ தேடி அடிக்கறதும் அதே செல்லு தான். ரொம்ப அடக்கினா நோய் திரும்பும், இல்லன்னா ஏதாவது வைரஸ் ஏறி உக்காந்துக்கும், விட்டா குடலையும் தோலையும் கல்லீரலையும் தின்னும். அதனால தான் இப்போ குறி வெச்சு அடிக்கற மருந்து, டார்கெட்டட் தெரபின்னு பேசறாங்க. இந்த ரிவ்யூவே அந்த குறி எவ்ளோ சரியா விழுதுங்கறத பத்தி தான்.

எல்லாருக்கும் மொதல்ல ஸ்டீராய்டு தான். மெத்தில்பிரெட்னிசலோன் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கு. அத பத்தி பெருசா எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல, சில பேருக்கு கேக்கும் சில பேருக்கு கேக்காது, கேக்காதவங்க கொஞ்ச நஞ்சம் பேர் இல்ல. மூஞ்சி உப்பும், சுகர் ஏறும், ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அலமாரி அடுக்கி வெப்பாங்க. அக்காவுக்கு தோல் கொஞ்சம் அடங்குச்சு, வயிறு அடங்கல. ஒரு வாரம் பாத்துட்டு "ஸ்டீராய்டு ரிஃப்ராக்டரி"ன்னு, அதாவது ஸ்டீராய்டுக்கு அடங்கலன்னு, எழுதிட்டாங்க. ஃபைல்ல அந்த வார்த்தைய பாத்தப்போ எனக்கு கை நடுங்கினது நெசம், ஆனா இப்போ அதுக்கு அடுத்த படி இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க.

அந்த படி தான் ரூக்சோலிட்டினிப். வார்டுல எல்லாரும் ரூக்சோன்னு தான் சொல்வாங்க. 2011ல மைலோஃபைப்ரோசிஸ்னு வேற ஒரு மேரோ (எலும்பு மஜ்ஜை) நோய்க்கு வந்த மாத்திரை, 2019 மே மாசம் அமெரிக்காவுல ஸ்டீராய்டுக்கு அடங்காத அக்யூட் ஜிவிஹெச்டிக்கு (திடீர்னு கெளம்பற வகை) அனுமதி கெடச்சுது, 2021 செப்டம்பர்ல க்ரானிக்குக்கும் (நாள்பட்ட வகை). எப்படி வேல செய்யுதுன்னு டாக்டர் ஒரு பேப்பர்ல கிறுக்கி காட்டினாங்க. செல்லுக்கு வெளிய சைட்டோகைன்னு சிக்னல் வந்து காலிங் பெல் அடிக்கும், உள்ள ஜாக்1, ஜாக்2ன்னு ரெண்டு என்சைம் அந்த பெல்ல கேட்டு உள்ளுக்குள்ள சேதி கடத்தும், "எழுந்து சண்ட போடு"ன்னு. ரூக்சோ அந்த ஒயர பிடிச்சுக்கும். பெல் அடிச்சுக்கிட்டே இருக்கும், உள்ள கேக்காது. எனக்கு புரிஞ்ச ஒரே விளக்கம் இது தான்.

ஆனா அதே பேப்பர்ல அடுத்த கோடு தான் முக்கியம், அத யாரும் நோட்டீஸ்ல பெருசா போட மாட்டாங்க. மேரோ சிவப்பணுவும் பிளேட்லெட்டும் தயார் பண்றதுக்கு வர்ற சிக்னலும் அந்த ஜாக்2 ஒயர்ல தான் போகுது. அதனால ஹீமோகுளோபின், பிளேட்லெட் ரெண்டும் எறங்கும். இத சைடு எஃபெக்ட்னு தனியா நெனைக்காதீங்க, மருந்து வேல செய்யற வழியே அது. புதுசா ஒட்டின மேரோ, இப்போ தான் மொளச்ச நாத்து மாதிரி இருக்கும்போது அதுக்கு போற தண்ணியையும் கொஞ்சம் அடைக்கறோம். அப்போ குறி வெச்சதுன்னா என்ன அர்த்தம்? ஸ்டீராய்டு குண்டுன்னா இது துப்பாக்கி, அவ்ளோ தான், பக்கத்துல நிக்கறவனுக்கும் சிராய்ப்பு உண்டு.

பலன் எப்படி? ஆரம்பிச்சு நாலு நாள்ல ஒண்ணும் இல்ல. ஆறாவது நாள் மோஷன் அளவு கொறஞ்சுது. அளவுன்னு சொல்றேன் பாருங்க, அது நெசமாவே அளவு. கோடு போட்ட பிளாஸ்டிக் பாத்திரம் ஒண்ணு குடுப்பாங்க, ஒவ்வொரு தடவையும் எத்தன மில்லின்னு நோட்ல எழுதணும். ஒரு நாளைக்கு 500க்கு மேல போனா ஒரு ஸ்டேஜ், 1000 தாண்டினா அடுத்தது, 1500 தாண்டினா அதுக்கும் மேல. அக்காவோட நோட்ல 1350, 1400, 1280, 900, 760ன்னு எறங்குன அந்த பக்கத்த நான் ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன். தோலுக்கும் அப்படி தான், பேஷண்டோட ஒரு உள்ளங்கை அளவு கிட்டத்தட்ட ஒடம்போட ஒரு சதவீதம்னு கணக்கு, எத்தன உள்ளங்கை செவந்திருக்குன்னு நாங்களே எண்ணினோம். இந்த நோட்டு இல்லன்னா மருந்து கேக்குதா இல்லையான்னு டாக்டருக்கே தெரியாது. "பரவால்ல, நேத்துக்கு இன்னிக்கு தேவல"ன்னு வாயால சொல்ற ரிப்போர்ட்டுக்கு மதிப்பே கெடயாது.

ஆளுக்கு ஆள் மாறும், அதனால பெரிய ட்ரயல் கணக்கையும் போடறேன். ரீச்2ன்னு 309 பேர வெச்சு பண்ணினது, 2020ல வந்தது. 28வது நாள்ல ரூக்சோ எடுத்தவங்கள்ல 62 சதவீதம் பேருக்கு பலன், மத்த மருந்து எடுத்தவங்களுக்கு 39. நல்லா இருக்குல்ல? இப்போ 56வது நாள் வரைக்கும் அந்த பலன் நின்னவங்கள பாருங்க, 40க்கு 22. ஜெயிக்குது, ஆனா கால்வாசிக்கு மேல நழுவிடுது. க்ரானிக்குக்கு ரீச்3, 329 பேர், 24வது வாரம் 49.7க்கு 25.6. அதுலயும் முழுசா போயிடுச்சுன்னு சொல்லக்கூடியவங்க வெறும் 6.7 தான், மத்தவங்களுக்கெல்லாம் கொறைஞ்சுது, அவ்ளோ தான். "ரெஸ்பான்ஸ்"னு டாக்டர் சொன்னா "முழுசாவா பாதியாவா"ன்னு கேளுங்க. நாங்க கேக்காம விட்டுட்டு அம்மாகிட்ட குணமாயிடுச்சுன்னு சொல்லிட்டோம், அப்புறம் அத திருப்பி வாங்கறதுக்கு பட்ட பாடு இருக்கே.

இப்போ புகார். மூணாவது மாசம் வீட்டுக்கு வந்தாச்சு, ரூக்சோ ஓடிட்டு இருக்கு. அக்காவுக்கு இருமல்னு வேற ஒரு டாக்டர்கிட்ட காமிச்சதுல பூஞ்சைக்கான மாத்திரைய மாத்தி போசகோனசோல் எழுதினாங்க. எழுதினவருக்கு ரூக்சோ பத்தி தெரியல, குடுத்த ஃபார்மசியும் பாக்கல, நாங்களும் ரெண்டு தனி தனி டப்பாவுல போட்டு ஒழுங்கா குடுத்துட்டே இருந்தோம். அந்த அசோல் வகை மாத்திரை கல்லீரல்ல ரூக்சோவ ஒடைக்கற என்சைம அமுக்கிடும். நாம போடறது அதே மாத்திரை, ரத்தத்துல அளவு மட்டும் எகிறிடும். பத்து நாள்ல பிளேட்லெட் 84 ஆயிரத்துலேர்ந்து 19 ஆயிரம். பல் தேய்ச்சா வாயெல்லாம் ரத்தம். கால்ல பாத்தா மூட்டப்பூச்சி கடிச்ச மாதிரி செவப்பு புள்ளி. பிளேட்லெட் ஏத்தி, டோஸ் கொறச்சு, சரியாக மூணு வாரம்.

அன்னிக்கு அந்த ஹாஸ்பிடல் ஃபார்மசி கவுன்டர்ல நான் கத்தினேன், ஒத்துக்கறேன். ஆனா வீட்டுக்கு வந்து எண்ணி பாத்தப்போ அக்கா ஒரு நாளைக்கு போடறது பதினாலு விதமான மாத்திரை. கம்பெனி பெருமையா குறி வெச்சு செஞ்ச மருந்து, பதிமூணு பேர் கூட்டத்துக்கு நடுவுல எறங்குது, யார் தள்ளி விட்டாலும் குறி தப்பும். அதுலேர்ந்து ஒரே ஒரு தாள், எல்லா மாத்திரை பேரும் டோஸும், எந்த டாக்டர் ரூமுக்கு போனாலும் மொதல்ல அந்த தாள் தான் மேஜை மேல வைக்கறது. காய்ச்சலுக்கு வந்தாலும் சரி, பல்லுக்கு வந்தாலும் சரி.

வைரஸ் கதையும் உண்டு. ரூக்சோ ஓடும்போது சிஎம்வி தலை தூக்கும், நெறைய பேருக்கு ஒடம்புல தூங்கிட்டு இருக்கற சாதா வைரஸ் தான், இவங்களுக்கு நுரையீரலையே கெடுக்கும். வாரா வாரம் பிசிஆர் ரத்த டெஸ்ட். லெட்டர்மோவிர்னு 2017ல வந்த தடுப்பு மாத்திரை அக்காவுக்கு குடுத்தாங்க, அதோட புண்ணியத்துல சிஎம்வி பெருசா தொந்தரவு பண்ணல. அது நல்ல மாத்திரை, ஆனா அதுக்கு தனியா ஒரு ரிவ்யூ எழுதற அளவு நாடகம் ஒண்ணும் நடக்கல.

ரூக்சோவுக்கு 5க்கு 4. ஒண்ணு ரத்த கவுண்டுக்காக கொறச்சுது. ஸ்டார் கொறைக்கல, ஆனா ஞாபகம் வெச்சுக்கோங்க, திடீர்னு நிறுத்தினா அடங்கினது திரும்ப கெளம்பும், படிப்படியா தான் எறக்கணும், தீந்து போச்சு நாளைக்கு வாங்கிக்கலாம்னு விளையாடற மாத்திரை இல்ல.

ஒம்பதாவது மாசம் க்ரானிக். இது வேற மிருகம். மொதல்ல கண்ணு, மணல் போட்ட மாதிரி உறுத்தல். அப்புறம் வாய்க்குள்ள வெள்ள வல மாதிரி கோடு, லேசா காரம் பட்டாலும் எரிச்சல். அப்புறம் முன்னங்கை தோல் இறுக ஆரம்பிச்சுது, கிள்ளினா தோல் மேல வராது, பலகைய கிள்ற மாதிரி இருக்கும். தலைக்கு மேல கை தூக்க முடியாம பின்னல் போட என்ன கூப்பிட்டா, எனக்கு பின்ன தெரியாது, அவ கோவத்துல முடியவே கட் பண்ணிக்கலாமான்னு கேட்டா, கீமோ முடிஞ்சு இப்போ தான் வளந்த முடி. ரத்தத்துலேர்ந்து எடுத்த ஸ்டெம் செல்லுல க்ரானிக் வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்னு அப்புறம் தான் படிச்சேன், வெளி (சொந்தம் இல்லாத) டோனார்கள வெச்சு 2012ல வந்த ட்ரயல்ல ரெண்டு வருஷத்துல 53 சதவீதத்துக்கு 41, ரத்தம் முன்னாடி, மேரோ பின்னாடி. ரத்தத்துல எடுத்தா கவுண்ட் சீக்கிரம் ஏறுது, அதுக்கு ஒரு வெலை.

எறக்கிட்டு இருந்த ரூக்சோவ திரும்ப ஏத்தினாங்க, கூடவே இசிபி.

ஐயா, இத பத்தி தான் எனக்கு நெறைய சொல்லணும். எக்ஸ்ட்ராகார்போரியல் ஃபோட்டோஃபெரிசிஸ், வாயில நுழையாது, நாங்க லைட் மெஷின்னு தான் சொல்றது. ஒடம்புலேர்ந்து ரத்தம் வெளிய வரும், மெஷின் சுத்தி வெள்ளணுவ மட்டும் பிரிக்கும், ஒரு பையில கலங்கலா மங்கின ஆரஞ்சு கலர்ல சேரும். அதுல மெத்தாக்ஸிசோராலென்னு ஒரு மருந்து கலப்பாங்க, அது செல்லோட டிஎன்ஏவுல போய் உக்காந்துக்கும், ஆனா லைட் படற வரைக்கும் சும்மா இருக்கும். அப்புறம் மெஷினுக்குள்ள யுவி-ஏ லைட் போடும். அடிபட்ட செல்லெல்லாம் திரும்ப ஒடம்புக்குள்ள போய் சில நாள்ல அமைதியா சாகும். அந்த சாகற செல்ல ஒடம்பு முழுங்கும்போது "இது எதிரி இல்ல, விடு"ன்னு மத்த செல்லுக்கும் ஒரு பாடம் போகுதுன்னு சொல்றாங்க. ஒரு தடவைல மொத்த வெள்ளணுல ஒரு சின்ன பங்கு தான் வெளிய வந்து போகுது, ஆனாலும் கேக்குது, அது தான் ஆச்சரியம். 1988லேயே தோல்ல வர்ற ஒரு லிம்ஃபோமா புற்றுநோய்க்கு அனுமதி வாங்கின பழைய டெக்னிக், புது மருந்து கூட்டத்துல பழைய ஆள்.

மொத நாள் அக்கா அந்த பைய பாத்துட்டே இருந்தா, அப்புறம் சொன்னா, "டேய், உன் ஆளுங்கள வெளிய இழுத்து வெயில்ல காய வெக்கறாங்கடா". அந்த பையில இருக்கறதெல்லாம் என் செல்லு தானே. சிஸ்டர் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன், ஒம்பது மாசமா நெஞ்சுல கல்லு மாதிரி வெச்சிருந்தது அன்னிக்கு தான் கொஞ்சம் நகந்துச்சு.

சர்வீஸ்னு பாத்தா நாங்க போன சென்டர்ல இந்த யூனிட் தான் பெஸ்ட். ஒவ்வொரு தடவையும் அதே ரெண்டு சிஸ்டர். ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட் சேப்பாங்க, அது கால்சியத்த புடிச்சுக்கறதால ஒதட்ட சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், சொன்ன ஒடனே கால்சியம் குடுத்து மெஷின் வேகத்த கொறைப்பாங்க. சொல்லாம பல்ல கடிச்சுட்டு உக்காந்திருந்தா அவங்களுக்கு தெரியாது, சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், கை நீட்டினபடி இருக்கணும், அதனால முன்னாடியே பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க, சின்ன விஷயம் மாதிரி தெரியும், ரெண்டாவது மணி நேரத்துல புரியும். முடிஞ்சப்புறம் 24 மணி நேரம் வெயில் படக்கூடாது, யுவி தடுக்கற கண்ணாடி போடணும், ஏன்னா அந்த மருந்து கண்ணுலயும் தோல்லயும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அக்கா வீட்டுக்குள்ளயும் கருப்பு கண்ணாடி போட்டுட்டு சோஃபால உக்காந்து எல்லாருக்கும் ஆர்டர் போட்டுட்டு இருந்தா.

மைனஸ் ரெண்டு. ஒண்ணு நரம்பு. நல்ல நரம்பு இல்லன்னா கழுத்துல லைன் போடணும், லைன்னா இன்ஃபெக்‌ஷன் பயம். ரெண்டாவது பொறுமை. வாரத்துக்கு அடுத்தடுத்து ரெண்டு நாள், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, இப்படி மாசக்கணக்குல ஓடும், கூட போற ஆளோட வேலை என்ன ஆகும்னு யாரும் கேக்க மாட்டாங்க. எட்டு வாரம் வரைக்கும் எங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியல, நிறுத்திடலாம்னு நானே சொன்னேன், நல்ல வேளை என் பேச்ச யாரும் கேக்கல. பெரிய ப்ளஸ், இது மொத்த எதிர்ப்பு சக்தியையும் அமுக்கல. அந்த மூணு மாசத்துல அக்காவுக்கு ஒரு இன்ஃபெக்‌ஷன் வரல, ஸ்டீராய்டும் பாதிக்கு கீழ கொறைஞ்சுது. 5க்கு 4.5.

தோல் இளகினாலும் தோள்பட்டை இறுக்கம் முழுசா விடல. அப்போ வந்தது பெலுமோசுடில். 2021 ஜூலைல அனுமதி, ரெண்டு மருந்தாவது ஏற்கனவே பாத்து சரிப்படாதவங்களுக்கு. ராக்2னு ஒரு என்சைம தடுக்கும். இதோட தனி குணம், வீக்கத்த கெளப்பற செல்ல கொறைக்கறதோட தழும்பு மாதிரி இறுகறத, ஃபைப்ரோசிஸையும் சேத்து தடுக்கும். 200 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஒரு தடவ, சாப்பாட்டோட. ட்ரயல்ல நாலுல மூணு பேருக்கு ஏதோ ஒரு அளவு பலன்னு வந்துச்சு, கேக்க பிரமாதம். ஆனா அந்த ட்ரயல்ல பெலுமோவயே ரெண்டு விதமான டோஸ்ல குடுத்து பாத்தாங்களே தவிர வேற மருந்தோட நேருக்கு நேர் நிறுத்தல. இதுக்கு முன்னாடி 2017ல க்ரானிக்குக்குன்னே மொத மொதல்ல அனுமதி வாங்கின இப்ரூட்டினிப் கதையும் அப்படி தான், 42 பேர வெச்சு பண்ணினது, ஒப்பிட ஆளே இல்ல. அதனால ரூக்சோவோட 49.7யும் இந்த 75யும் பக்கத்துல வெச்சு இது தான் ஒசத்தின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ரெண்டும் வேற வேற பந்தயம்.

இங்கயும் ஒரு கூட்டாளி மாத்திரை. வயித்து ஆசிட்டுக்கு காலைல வெறும் வயித்துல போடற மாத்திரை, ஸ்டீராய்டு எடுக்கற எல்லாரும் போடறது, அது பெலுமோ ஒடம்புல சேர்றத கொறைச்சுடும், அதனால அது கூட இருந்தா பெலுமோ ரெண்டு வேளை. இந்த தடவ நான் தாள நீட்டி மொதல்லயே கேட்டேன், டாக்டர் பாத்துட்டு ஆசிட் மாத்திரையவே வேற வகைக்கு மாத்தினாங்க. அந்த பழைய பத்து நாள் கத்து குடுத்தது. சைடு எஃபெக்ட்னா அக்காவுக்கு அசதி, கொஞ்சம் குமட்டல், மாசா மாசம் எல்எஃப்டின்னு கல்லீரல் டெஸ்ட். வெறும் மாத்திரை, மெஷின் இல்ல லைன் இல்ல, அந்த வசதிக்கே ஒரு ஸ்டார். மெதுவு. 5க்கு 3.5, இன்னும் ஓடிட்டு இருக்கு, ஏறலாம்.

நாங்க எடுக்காததுக்கு ஸ்டார் போட மாட்டேன், பேர் மட்டும் சொல்றேன், உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ஆக்ஸாடிலிமாப், 2024 ஆகஸ்ட்ல வந்தது, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ நரம்புல ஏத்தறது, இறுக்கத்த உண்டாக்கற மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை எதிர்ப்பு சக்தி செல்ல குறி வெக்குது. கொழந்தைங்களுக்கு ஸ்டீராய்டு கேக்காத அக்யூட்டுக்கு ரெமெஸ்டெம்செல், அமெரிக்காவுல 2024 டிசம்பர்ல அனுமதி, டோனார் மேரோல வளத்த செல்லயே மருந்தா குடுக்கறாங்க. அபடாசெப்ட், அக்யூட் ஜிவிஹெச்டி வராம தடுக்கறதுக்கு, வெளி டோனார் கேஸுக்கு, டிரான்ஸ்பிளான்டுக்கு முந்தின நாள் ஆரம்பிச்சு நாலு டோஸ்.

கடைசியா ஒரு டிப்ஸ். கை எவ்ளோ தூக்க முடியுதுன்னு படம் போட்ட ஒரு ஸ்கேல் இருக்கு, தோள், முழங்கை, மணிக்கட்டுக்கெல்லாம் ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் படம், நம்ம நிலை எந்த படம்னு பாத்து நம்பர் எழுதணும். கேட்டா ஹாஸ்பிடல்ல குடுப்பாங்க. வீட்டு சுவத்துல ஒட்டி வெச்சிருக்கோம், ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அக்கா சுவத்துக்கு முதுக காட்டி நிப்பா, நான் ஃபோட்டோ எடுப்பேன். பெலுமோ ஆரம்பிச்சப்போ வலது தோள் 3. போன வாரம் 5ன்னு நான் எழுதினேன், "கண்ணு தெரியுதாடா, ஆறு போடு"ன்னு சண்ட. ஃபோட்டோவ பெருசாக்கி பாத்தோம். அஞ்சு தான்.